நாற்பத்தேழு-பி

கடைசி முனையில் தொடங்க வேண்டும்.
இந்த வேலையின் முதல் விதி அது.
மூன்று மைல் உள்ளே போய்,
சாலை தீர்ந்த இடத்தில் எந்திரத்தை நிறுத்தி,
நின்ற தரையையே தோண்டித் தோண்டிப்
பின்னாலேயே வர வேண்டும்.
மறந்து வைத்த சாப்பாட்டு டப்பாவுக்காகக்கூட
மறுபடி உள்ளே போக முடியாது.

வடக்கு ஐடஹோ. செப்டம்பர்.
காலையில் வாளியின் பற்களில் உறைபனி.
மரக் கம்பெனி அறுபத்திரண்டில் வெட்டிய சாலை,
பெயர் கிடையாது, எண் மட்டும்.
மலையின் இடுப்பை வழித்து
அந்த மண்ணைக் கீழ்ச்சரிவில் தள்ளி
லாரிக்குத் தளம் செய்திருக்கிறார்கள்.
லாரிகள் ஓடியது ஒன்பது வருஷம்.
அதற்கப்புறம் ஒவ்வொரு மழைக்கும்
மண் மட்டும் ஓடியது.

தள்ளியதை அள்ளி, வழித்த இடத்தில் வை.
சொல்ல ஒரு வரி.
செய்ய, நாளைக்கு முந்நூறு அடி,
பாறை குறுக்கிடாவிட்டால்.

அர்லீன் மூடி முன்னால் நடப்பாள்.
நெஸ் பெர்ஸ் பழங்குடியின் நீர்வளத் துறை அவளுக்குச் சம்பளம் தருகிறது,
அவள் கையெழுத்தின் வழியாக எனக்கும்.
அவள் கை தூக்கினால் நான் நிறுத்த வேண்டும்.
தூக்கிக்கொண்டே இருப்பாள்.
"இன்னும் அரையடி. சுரண்டு, தோண்டாதே."

மஞ்சள் மண்ணுக்கடியில்
காப்பித்தூள் நிறத்தில் ஒரு கோடு.
சாலைக்கு முந்திய தரை.
சிடார் இலைகூட முழுசாக மக்கவில்லை.
மண்டியிட்டு ஒரு பிடி எடுத்து முகர்ந்தவள்
என் பக்கம் நீட்டினாள்.
டீசலுக்குப் பழகிய மூக்கு என்னுடையது.
இருந்தும் தெரிந்தது:
வெளியே பூட்டிய வீட்டுக்குள்
யாரோ இன்னும் குடியிருக்கும் வாசனை.

ஓடை குறுக்கிடும் இடத்தில் தகரக் குழாய்.
அடிவயிறெல்லாம் துரு.
கீழ்வாய் அந்தரத்தில் தொங்க
தண்ணீர் அங்கிருந்து குதித்துக்கொண்டிருந்தது.
தண்ணீருக்குக் குதித்தால் போதும்,
மீன் அல்லவா ஏற வேண்டும்.
சங்கிலி மாட்டி இழுத்தேன்.
பன்றியை அறுப்பதுபோல் கத்திக்கொண்டு வந்தது குழாய்.
அடியில் உருண்டைக் கற்கள், வரிசை குலையாமல்.
இரண்டு மணி நேரம் கலங்கல்.
வைக்கோல் கட்டுகளைத் தாண்டி என்ன போகிறது என்று
கண்ணாடிக் குப்பியில் பிடித்துப் பிடித்துப் பார்த்தாள்.
மூன்றரைக்குத் தெளிந்தது.
ஓடைக்கு வழி நாங்கள் சொல்லவில்லை.
அர்லீன் மட்டும் கெட்ட வார்த்தை ஒன்று சொன்னாள்,
சந்தோஷத்தில்.

கேட்டருகே வெண்டல் க்ரோகன் காத்திருந்தார்,
நாலு சக்கர பைக்கில், இன்ஜினை அணைக்காமல்.
"முப்பது வருஷமாக எல்க் வேட்டைக்கு இந்த வழிதான்.
ரெண்டு முழங்காலும் இரும்பு.
இனி எப்படி மேலே ஏறுவேன், சொல்."
கேட்டின் பலகையில் பதினேழு தோட்டா ஓட்டைகள்.
மூன்று என்னுடையவை, பத்தொன்பது வயதில்.
அர்லீனிடம் வரைபடம் இருந்தது, மீன் கணக்கு இருந்தது.
எதையும் அவள் விரிக்கவில்லை.
நானும் வாய் திறந்தேன்.
பல்லிடுக்கில் மண் நெறுநெறுத்தது, அவ்வளவுதான்.
அவர் பைக்கைத் திருப்ப
அந்தச் சாலையில் இடம் போதவில்லை.
நானும் அவளும் பிடித்துத் தூக்கித் திருப்பிவிட்டோம்.
நன்றி சொல்லவில்லை. சொல்ல வேண்டியதுமில்லை.

பனி முந்திக்கொண்டது.
அரை மைல் பாக்கியிருக்க எந்திரத்தை இறக்கினோம்.

நவம்பரில் அர்லீன் படங்கள் அனுப்பினாள்,
மரத்தில் கட்டிவைத்த கேமராவிலிருந்து.
ஒரு பெண் மூஸ்.
மிச்சச் சாலையில் வழக்கம்போல நடந்து வந்து
சாலை அறுந்த இடத்தில் நிற்கிறது.
பிறந்த நாள் முதல் அதற்கும் இதுதானே வழி.
படத்துக்குப் படம் மணி மாறுகிறது,
முதுகில் பனி கூடுகிறது,
காது ஒன்று திரும்புகிறது.
பதினோரு நிமிடம்.
அடுத்த படத்தில் வெறும் சரிவு.
மேலே ஏறியதா, கீழே இறங்கியதா,
வந்த பக்கமே போய்விட்டதா,
தெரியவில்லை.

வசந்தத்தில் போய்த்தான் பார்க்க வேண்டும்.
நடந்து.